வாராவாரம் சர்வீஸ்

செல்போன் பரவத் தொடங்கிய காலத்தில், திருத்தணியில் குடிநீர் சுத்திகரிக்கும் மெஷின்களை விற்று சர்வீஸும் செய்யும் கடையில் நான் கம்ப்யூட்டர் வேலை பார்த்தேன். புதிதாக வாங்கிய மென்பொருளில் வாடிக்கையாளர் விவரத்தை ஒருமுறை பதிந்துவிட்டால் போதும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எந்த வீட்டுக்குப் போக வேண்டும் என்று அதுவே சொல்லும். மலையடிவாரத்தில் இருந்த கோயில் சமையல்காரர் வீட்டுக்கு மட்டும் எப்படியோ 'வாரம்' என்று பதிவாகிவிட்டது.

ஒரு மாதம் கழித்துத்தான் அதைக் கவனித்தேன். பொதட்டூர்பேட்டையிலிருந்து வரும் எங்கள் மெக்கானிக்கிடம் கேட்டேன்.

"அந்த மெஷின்ல என்ன கோளாறு?"

"ஒண்ணுமில்லீங்க. சும்மா கழட்டி மாட்டிகினு வரேன்."

"மொதல்லயே சொல்லக் கூடாதா?"

"போனா புளியோதரை குடுக்கறாங்க. எப்படிங்க சொல்றது?"

உடனே திருத்தினேன். அடுத்த வெள்ளிக்கிழமை சமையல்காரரின் மனைவி போன் செய்தார்.

"ஏங்க, ஆளே வரலியே? வாராவாரம் வருவாங்கன்னு சொல்லித்தான் பக்கத்து வீட்லயும் உங்க மெஷின வாங்க வெச்சேன்."

முதலாளியிடம் சொன்னேன். அவர் சற்று யோசித்துவிட்டு, இரண்டு வீட்டுக்கும் 'வாரம்' என்றே போடச் சொன்னார். மெக்கானிக் முணுமுணுப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் கேட்டது ஒன்றுதான்.

"பக்கத்து வீட்ல சமையல் எப்படிங்க?"