இவருடைய எஞ்சின் புத்தகத்தைச் சிட்னியில் வாசித்தது

1976 ஆனி மாதம் மூன்று நாள் சேர்ந்தாற்போல விடுமுறை வந்தது. அப்போதுதான் நாங்கள் மெல்பேர்னிலிருந்து சிட்னிப் பக்கம் போனோம். ஊர் பார்க்கப் போகவில்லை. என் கணவர் தவராசா, தானே செய்து பூட்டிய சின்ன விமானத்தில் அந்த வருடம் மாசி மாதம் சிட்னிக்குப் பறந்தவர். இறங்க வேண்டிய இடத்துக்கு ஆறு கிலோமீற்றர் இருக்கும்போது எஞ்சின் நின்று, வயலில் விழுந்து இறந்துபோனார். உடைந்த விமானம் அங்கே விமானம் கட்டுகிறவர்களின் சங்கக் கொட்டகையில் கிடந்தது. எஞ்சின் பற்றி அவர் எழுதி வந்த குறிப்புப் புத்தகம் ஏதும் இருந்தால் கொண்டு வரச் சொல்லிக் கடிதம் போட்டிருந்தார்கள்.

இவர் யாழ்ப்பாணத்தில் கார் திருத்தும் கராஜ் வைத்திருந்தவர். விமானத்துக்கென்றே செய்து, சோதித்து, சான்றிதழ் கொடுத்த எஞ்சின் எங்களுக்குக் கட்டுப்படியாகாது. கார் எஞ்சின் ஒன்றைக் கழற்றி மாற்றிப் பூட்டினார். செத்த வீட்டுக்கு வந்தவர்கள்கூட, தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே, "கார் எஞ்சினை நம்பி ஆரும் மேல போவினமே?" என்றார்கள். எனக்கு ஒன்றுதான் தெரிய வேண்டியிருந்தது. இவர் கையால் செய்த எஞ்சின்தான் இவரைக் கொன்றதா?

கூட வந்தவர் சிவம் அண்ணை. மெல்பேர்னில் ட்ராம் கண்டக்டர். இவருடைய சிநேகிதர், ஆங்கிலம் நன்றாகப் பேசுவார். சனிக்கிழமை காலை ஐந்தரைக்கு எங்கள் நோபல் பார்க் வீட்டிலிருந்து அவருடைய காரில் வெளிக்கிட்டோம். வழியில் வரும் அல்பெரி முந்நூற்று முப்பது கிலோமீற்றர். அங்கே போய்ச் சேரப் பதினொன்றாகிவிட்டது. அண்ணை எண்பதுக்கு மேல் ஓட்ட மாட்டார். பின்னால் வந்த லொறிகள் எல்லாம் கோன் அடித்தன.

"அண்ணை, கொஞ்சம் மிதியுங்கோவன்."

"ட்ராமுக்கு இவ்வளவுதான் தங்கச்சி."

கண்டகாய் என்ற ஊரில் இராத் தங்கினோம். இரண்டு அறை, இருபத்தாறு டொலர். சோறு கிடைக்காது, கட்டிக்கொண்டு போங்கள். விடுதிக்காரரிடம் அண்ணை தேவையில்லாமல் கதையைச் சொல்ல, அந்த மனுசனும் தலையை ஆட்டி, கார் எஞ்சின் ரோட்டுக்குத்தான் சரி என்றார். சாவியை வாங்கிக்கொண்டு அறைக்குப் போய்விட்டேன்.

ஞாயிறு ஏழு மணிக்கு வெளிக்கிட்டோம். கோல்பர்ன் வரை பனிப்புகார். பன்னிரண்டரைக்குக் கம்டனுக்கு அப்பால் புல்லுத்தரை ஓடுபாதைக்குப் போய்ச் சேர்ந்தோம். நோபல் பார்க்கிலிருந்து எண்ணூற்று நாற்பது கிலோமீற்றர்.

கொட்டகையில் இரண்டு பேர் நின்றார்கள். ரெக் வயதானவர், விமான எஞ்சின் பக்கம். கொலின் இளையவர், கார் எஞ்சின் பக்கம். கைகொடுத்த கையோடேயே சண்டை தொடங்கிவிட்டது. மூலையில் இவருடைய எஞ்சின் கிடந்தது. அதில் ஒரு அட்டை கட்டியிருந்தது. கார் எஞ்சின் பழுது என்று எழுதியிருப்பதாக அண்ணை சொன்னார்.

புத்தகத்தை அண்ணையிடம் நீட்டினேன். புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். "கோழி கிளறின மாதிரிக் கிடக்கு. உன்ர மனுசன்ர எழுத்து உனக்குத்தான் விளங்கும். நீ வாசி, நான் இங்கிலீசில சொல்லுறன்."

நாலு மாதமாக நான் அதைத் திறக்கவில்லை. இவர் இருக்கும்போதும் திறந்ததில்லை. குசினியில் பிறிட்ஜுக்கு மேலே கிடக்கும், அதன்மேல் கடையில் வாங்கின பாணை வைப்பேன்.

வாசித்தேன். ஒயில் மாற்றியது, பிளக் துடைத்தது, அப்படியே பக்கம் பக்கமாய். பிறகு வந்தது. 'முப்பத்திரண்டு மணித்தியாலம். கடும் வெயில். இருபது நிமிசத்தில் எஞ்சின் இருமினது. இறங்கினாப் பிறகு சரி.' இரண்டு பக்கம் தள்ளி, 'திரும்ப இருமல். பெற்றோல் குழாய் புகைக்குழாய்க்குக் கிட்ட, கொதிக்குது. துணி சுத்தினன்.' கடைசிப் பக்கம், போவதற்கு முதல் நாள் எழுதியது. 'இருமல் நிக்கேல்லை. சிட்னியால திரும்பி வந்து குழாயை மாத்துவம்.'

அண்ணை சொல்லி முடித்ததும் ரெக் குனிந்து, உடைந்த குழாயை விரலால் தடவிப் பார்த்தார். சூட்டில் பெற்றோல் ஆவியாகிவிடும், எஞ்சினுக்குப் போகாது, எந்த எஞ்சினில் குழாயை இப்படிப் போட்டாலும் நிற்கும் என்றார். கொலினுக்குச் சந்தோசம், பார்த்தீர்களா என்றார். ரெக் விடவில்லை. சான்றிதழ் எஞ்சின் என்றால் குழாய்க்கும் விதி இருக்கு, இன்னொருவர் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும், அவர் பறக்க விட்டிருக்க மாட்டார் என்றார். மறுபடி தொடங்கிவிட்டார்கள். செத்தவனின் பெண்சாதி முன்னால் நிற்கிறாள் என்ற நினைப்பே இல்லை.

"அண்ணை, வாயை மூடச் சொல்லுங்கோ. அட்டையை மாத்தி எழுதட்டும். பெற்றோல் குழாய் சூடாகி எஞ்சின் நின்றதெண்டு."

ரெக் எழுதினார்.

"ஓட்டினவருக்குத் தெரியும் எண்டும் எழுதச் சொல்லுங்கோ."

அண்ணை என்னைப் பார்த்தார். "அது வேண்டாம் பிள்ளை. அவன்ர பேர்."

"தெரிஞ்சுதானே ஏறினவர். சொல்லுங்கோ."

சொன்னார். ரெக் அதையும் எழுதினார். கொலின் தொப்பியைக் கழற்றினார்.

திரும்பி வரும்போது யாஸ் வரைக்கும் இவரோடு மனதுக்குள் சண்டை பிடித்தேன். மூன்று தரம் இருமிய எஞ்சினை நம்பி ஏறிய மனுசனை என்னவென்று சொல்ல? செய்த கைக்குக் குறையில்லை என்று ஆறுதல் வரும் என்று நினைத்துப் போனேன், வரவில்லை. கோபம்தான் வந்தது. அதில் பாதி என்மேல். அந்தப் புத்தகத்தில் ஒரு சொல்கூட எனக்கு விளங்காத சொல் இல்லை.

நீங்களும் இப்படிப் பாதியில் கிடக்கும் ஒன்றைப் பார்க்கப் போவதென்றால் மூன்று நாள் வையுங்கள். போகவரப் பெற்றோல் முப்பது டொலர் முடியும். ஞாயிற்றுக்கிழமை பல பெற்றோல் கடை பூட்டு, சனியே நிரப்புங்கள். குளிருக்குக் கம்பளி கொண்டு போங்கள்.

உங்கள் வீட்டில் விமானம் கட்டுகிறவர் இருந்தால், எந்த எஞ்சின் என்று என்னைக் கேட்க வேண்டாம். அதற்கு ரெக்கும் கொலினும் இருக்கிறார்கள். அவர் எழுதுகிற புத்தகத்தை வாரத்துக்கு ஒருமுறை எடுத்து வாசியுங்கள். இருமல் என்று கண்டால் சாவியை ஒளித்து வையுங்கள். ஏசுவார். ஏசட்டும்.