ஆம்பூர் சித்திரசாலையில் ஒரு படத்துக்கு விழுந்த மாலை

சபாபதி என் பள்ளித் தோழன். சென்னையில் சித்திரம் கற்றுத் திரும்பியவன், ஆம்பூரில் ஒரு தோல் கிடங்கின் மாடியைச் சித்திரசாலையாக்கித் தன் படங்களைக் காட்சிக்கு வைத்திருக்கிறான். போன சனிக்கிழமை திறப்பு விழாவுக்குப் போய் வந்தேன். படபடப்பு இன்னும் அடங்கவில்லை.

காட்பாடியிலிருந்து ஆம்பூர் முப்பது மைல் சொச்சம். காலைப் பாசஞ்சரில் மூன்றாம் வகுப்புக்கு எட்டணா, ஸ்டேஷனிலிருந்து ஜட்காவுக்கு இரண்டணா. தோல் நாற்றம் தாங்காமல் நான் மூக்கைப் பொத்திக்கொண்டதைப் பார்த்த வண்டிக்கார பாய், "நாத்தம் ஜாஸ்தியா கீதா சார்? ரெண்டு நாள் இருந்தா பழகிப்பூடும்" என்றார். நல்லவேளை, நான் ஒரு நாளுக்குத்தான் போயிருந்தேன்.

தோல் பதனிடும் ஆட்களைத்தான் சபாபதி வரைந்திருந்தான். நடுச் சுவரில், தோல் ஊறும் சுண்ணாம்புத் தொட்டியில் இடுப்பளவு நிற்கும் முனுசாமி. இதைவிட நல்ல படம் அவன் கையிலிருந்து இனி வருமா என்பது சந்தேகந்தான். விழாவில் சபாபதிக்கு மாலை போட்டார்கள். கூச்ச சுபாவி அவன். "மரியாதை, நின்னு கொடுத்தவனுக்குத்தான்" என்று கழற்றி முனுசாமியின் படத்துக்குப் போட்டுவிட்டான். எல்லாரும் கை தட்டினோம், படித்த முட்டாள்கள்! செத்தவர் படத்துக்குத்தானே மாலை போடுவோம்? ஒருத்தருக்கும் உறைக்கவில்லை.

சற்று நேரத்தில் முனுசாமியின் மனைவி அஞ்சலை, தலை நிறையப் பூவோடு, புருஷன் படத்தைப் பார்க்கச் சிரித்துக்கொண்டே படியேறி வந்தாள். பார்த்தாள்.

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லாம மாலையப் போட்டுட்டீங்களேடா பாவிங்களா! தொட்டில வுழுந்துட்டாரா?"

பூவைப் பிய்த்து எறிந்தாள். சபாபதி "இல்லம்மா" என்பதற்குள் தெருவில் ஓடிக்கொண்டிருந்தாள். நாங்களும் பின்னால் ஓடினோம். ஓட ஓட எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. இன்று அவனை உயிரோடு பார்த்தவர் எங்களில் யார்?

முனுசாமி தொட்டியில்தான் நின்றிருந்தான். "இன்னாமே ஆச்சு?" என்று பதறி மேலே ஏறி வந்தான். அஞ்சலை சேற்றிலேயே உட்கார்ந்து அவன் காலைக் கட்டிக்கொண்டாள். பேச்சு வந்ததும் சபாபதியைப் பார்த்துச் சொன்னாள்: "மாலை வுழுந்த படம் இருக்கக்கூடாது சாமி."

"படந்தானே, வுடு" என்றான் முனுசாமி.

"உனுக்கு இன்னா? அறுக்கப் போறது என் தாலி."

சபாபதி திரும்பிப் போய்ப் படத்தைக் கழற்றிக் கிடங்கு முற்றத்தில் வைத்தான். அவர்கள் இரண்டு பேரும் வந்து நின்றார்கள். "பைத்தியமாடா உனக்கு?" என்று சபாபதியின் கையைப் பிடித்தேன். உதறிவிட்டுத் தீக்குச்சியைக் கிழித்தான். முகம் கடைசியாகத்தான் எரிந்தது. வேலை நேரம் என்பதால் அதுவரை படத்தையே பார்த்திராத முனுசாமி, "நல்லாத்தான் கீறேன்" என்று மெதுவாகச் சொன்னான்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆனால் சபாபதி செய்தது தப்பு என்று சொல்ல மட்டும் வாய் வரவில்லை. அஞ்சலை பூவைப் பிய்த்ததை நான் பார்த்திருக்கிறேன்.

காட்சி இன்னும் ஒரு வாரம் உண்டு. காலையில் போனால் சாயங்கால வண்டியில் திரும்பிவிடலாம். தெருவில் தோல் கழுவிய நீர் ஓடும், புதுச் செருப்பு வேண்டாம். நடுச் சுவர் காலியாக இருக்கும், சபாபதியிடம் காரணம் கேட்காதீர்கள். அங்கே இருந்தவனைப் பார்க்க வேண்டுமானால் தொட்டிக்குப் போங்கள். பகல் முழுக்க அதில்தான் நிற்கிறான்.