ஒன்பதாம் பாத்தியும் ராசாத்தியும்

வலது கை வளையல்கள் நான்கையும் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பென்சில் டப்பாவில் போட்ட பிறகுதான் ராசாத்தி கணினியில் கை வைப்பார். கண்ணாடி வளையல் மேசை விளிம்பில் இடித்து உடைகிறது என்பது அவர் சொல்லும் காரணம். அது பாதி உண்மை. எடுத்த கணக்கு முடிந்து, விடை சரிதான் என்று மனம் ஒப்பினால்தான் வளையல்கள் கைக்குத் திரும்பும். ஒப்பாவிட்டால் ஒரு கை மொட்டையாகவே வீட்டுக்குப் பஸ் ஏறுவார். "என்னத்தா, கையில ஒண்ணையும் காணோம்?" என்று யாராவது கேட்டால், "கடையில வேலை கெடக்கு" என்று மட்டும் பதில் வரும்.

கடை அன்னவாசலில், பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே, உரக்கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது. ‘ராசாத்தி புள்ளியியல் உதவி மையம்’ என்று பலகை. படியேறி வருகிறவர்களில் பாதிப் பேர் ஆதார் திருத்தம், பட்டா நகல் என்று கேட்டு வருகிறவர்கள். "அது அங்கிட்டு, செராக்ஸ் கடைக்கு அடுத்தாப்ல. இங்கிட்டு ஆராய்ச்சி மட்டுந்தாங்க" என்று தலையை நிமிர்த்தாமலே சொல்லிவிடுவார். மீதிப் பேர் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்கிறவர்கள். குளத்தூரிலிருந்து வருவார்கள், புதுக்கோட்டையிலிருந்து வருவார்கள். பென் டிரைவை நீட்டுவார்கள். ராசாத்தி வாங்க மாட்டார். முதலில் வயலிலோ ஆஸ்பத்திரியிலோ வைத்துக் கையால் எழுதிய நோட்டு வேண்டும். அதில் மண்ணும் டீக்கறையும் இருந்தால் அவருக்கு ஒரு திருப்தி. புத்தம் புதிதாக, ஒரே மையில், ஒரு அடித்தல்கூட இல்லாமல் இருந்தால், "இதை எந்த ஹாஸ்டல்ல ஒக்காந்து எழுதுனீங்க?" என்று கேட்டு ஆளை வியர்க்க வைத்துவிடுவார்.

அவர் பயன்படுத்தும் மென்பொருளின் பெயர் ஆர். ஒற்றை எழுத்துதான் பெயரே. புள்ளிவிவரங்களை அலசுவதற்காகப் பல தேசத்துக்காரர்கள் சேர்ந்து எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள், திறந்து உள்ளே பாருங்கள், தப்பிருந்தால் சொல்லுங்கள் என்று பொதுவில் வைத்திருக்கிறார்கள். இதற்கு முன்னால் ராசாத்தியிடம் வேறொன்று இருந்தது. யாரோ பூட்டை உடைத்துச் சீடியில் பதிந்து கொடுத்த திருட்டுப் பிரதி. ஒரு மாணவியின் வாய்மொழித் தேர்வுக்கு இரண்டு நாள் இருக்கும்போது அது திரையில் ஒரு மிரட்டலைக் காட்டிவிட்டுப் படுத்துவிட்டது. அன்றைக்கு அழுத அழுகையை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறதாம். "இப்ப நிம்மதிங்க. கதவைத் தொறந்து போட்டுட்டு வேலை பாக்குறேன்" என்கிறார்.

ஒருமுறை, ஆரோடு சேர்த்துக்கொள்ளும் சின்னத் தொகுப்பு ஒன்றில் எடுத்துக்காட்டு சரியாக ஓடவில்லை. தப்பு எங்கே என்று கண்டுபிடித்து, பயந்து பயந்து நான்கு வரி ஆங்கிலத்தில் எழுதிப் போட்டார். அதைப் பராமரிக்கிறவர் ஏதோ ஒரு குளிர் தேசத்தில் இருக்கிறார். மறுநாளே திருத்திவிட்டு, நன்றிக்குரியவர்கள் பட்டியலில் ‘ஏ. ராசாத்தி, அன்னவாசல்’ என்று சேர்த்துவிட்டார். கீழே உரக்கடை வைத்திருக்கும் சிவசாமியை மாடிக்கு வரவழைத்து ராசாத்தி அதைக் காட்டினார். சிவசாமி கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத்து எழுத்தாகப் பார்த்து, "இனிஷியலக் கரெக்டா போட்ருக்கான்த்தா" என்று மெச்சினார். அதிலிருந்து ராசாத்தியின் கடையில் ஒரு சட்டம். அங்கே கணக்குப் பார்த்த ஆய்வேடு எதுவானாலும், மென்பொருளை எழுதியவர்கள் பெயர் கடைசிப் பட்டியலில் இருந்தாக வேண்டும். "சமைச்சவங்க யாருன்னு சொல்லாம எலையை மடிச்சிட்டுப் போகாதீங்க" என்பார்.

போன மாதம் ஒரு திங்கட்கிழமை திருமுருகன் வந்தார். தனியார் கல்லூரியில் தாவரவியல் பேராசிரியர். வயது நாற்பத்தாறு. வேலை பார்த்துக்கொண்டே முனைவர் பட்டத்துக்குப் பதிந்து ஏழு வருடம் ஓடிவிட்டது. கால நீட்டிப்பு இரண்டு முறை வாங்கியாயிற்று, மூன்றாவது கிடையாது. வெள்ளிக்கிழமை மாலைக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து. அவருடைய ஆய்வு நிலக்கடலைக்கு எந்த உரம் நல்லது என்பது. திருவரங்குளம் பக்கம் ஒரு புன்செய்க் காட்டை எடுத்து, வரிசைக்கு ஆறு பாத்தியாக நான்கு வரிசை, மொத்தம் இருபத்து நான்கு பாத்தி போட்டிருந்தார். ஐந்து வகை உரம், ஆறாவது பாத்தி ஒன்றும் போடாமல் சும்மா. ஒவ்வொரு வரிசையிலும் இடம் மாற்றி மாற்றி.

விடைதான் விபரீதமாக வந்திருந்தது. எந்த உரத்துக்கும் எந்த உரத்துக்கும் வித்தியாசமே இல்லை. அது போகட்டும், இரண்டு வரிசைகளில் ஒன்றுமே போடாத பாத்தி முதலிடத்தில் நின்றது. இந்த லட்சணத்தில் இருந்தால் கையெழுத்துப் போட மாட்டேன் என்று நெறியாளர் சொல்லிவிட்டார்.

"மேடம், ரெண்டு மூணு பாத்தியில மட்டும் லேசா ஒரு தட்டுத் தட்டி விட முடியாதா?"

"தட்டி விடுறதுக்கு நம்பரு என்ன கண்ணுக்குட்டியாங்க சார்?"

திருமுருகன் தலையைச் சொறிந்தார். பிறகு அந்த வார்த்தையை விட்டார். "இல்ல, ஓசியில கெடைக்கிற சாப்ட்வேர்ங்கிறதால தப்பா காட்டுதோன்னு..."

ராசாத்தியின் முகம் மாறியது. "ஓசின்னு சொல்லாதீங்க சார். பொதுன்னு சொல்லுங்க. அதுக்குள்ள என்ன நடக்குதுன்னு நீங்களும் பாக்கலாம், நானும் பாக்கலாம். மூடி வச்சுச் சமைக்கல." சொன்னதோடு விடவில்லை. மேசை இழுப்பறையிலிருந்து கால்குலேட்டரை எடுத்து, இருபத்து நான்கு பாத்தி விளைச்சலையும் தாளில் எழுதி, கூட்டி, கழித்து, வர்க்கம் எடுத்து, ஒரு மணி நேரம் கையாலேயே கணக்குப் போட்டார். கடைசித் தசமம்வரை ஆர் சொன்ன அதே எண். திருமுருகன் மன்னிப்புக் கேட்டார். மன்னிப்பு கிடைத்ததே தவிர வளையல் கைக்கு ஏறவில்லை. கணக்கு சரி, ஆனால் காடு இப்படி விளையாது என்று ராசாத்தியின் மனம் முரண்டுபிடித்தது.

மறுநாள் காலை திருமுருகன் வந்து உட்கார்ந்ததும், முதல் வேலையாக, விளைச்சலை எண்ணாகப் பார்க்காமல் காடாகப் பார்க்கலாம் என்று ஆரிடம் படம் வரையச் சொன்னார். இருபத்து நான்கு கட்டம், விளைச்சல் கூடக் கூட அடர்பச்சை. முதல் வரிசையிலும் மூன்றாம் வரிசையிலும் ஒரு முனையில் பச்சை அடர்ந்து, மறுமுனைக்குப் போகப் போக வெளுத்தது. இரண்டாவதும் நான்காவதும் அதற்குத் தலைகீழாகத் தெரிந்தன.

"பாத்திக்கு எப்படி நம்பர் போட்டீங்க?"

"வளைஞ்சு வளைஞ்சு போட்டேன் மேடம். மொத வரிசை கெணத்துப் பக்கத்துலேர்ந்து ஒண்ணு முதல் ஆறு. அந்தக் கடைசியில அப்படியே திரும்பி, ஏழு முதல் பன்னெண்டு கெணத்தைப் பாத்து வரும். எல்லாரும் அப்படித்தான் போடுவாங்க."

"பிடுங்குன அன்னிக்கு நீங்க அங்க நின்னீங்களா?"

நிற்கவில்லை. அன்றைக்குத் தேர்தல் பணிப் பயிற்சிக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். முளைக்குச்சிகளில் எழுதியிருந்த எண்களையோ மழை அழித்துவிட்டது. ஒன்று முதல் இருபத்து நான்கு வரை எண் போட்ட அட்டைகளை அந்த ஊர்க் கூலியாட்களின் கொத்துத் தலைவி பிரகதாம்பாளிடம் கொடுத்து, பாத்திக்கு ஒரு சாக்காக வரிசையாகக் கட்டச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். பிடுங்கிய செடிகளை எண்ணி அட்டையில் எழுதவும் சொல்லியிருந்தார். அந்த எண்ணிக்கையை அவரே பின்னால் எங்கும் பயன்படுத்தவில்லை.

ராசாத்தி பள்ளிக்கூட லீவுகளில் கடலை பிடுங்கி வளர்ந்தவர். ஒரு சந்தேகம் மின்னியது. வயல் நோட்டைப் புரட்டினார். விதைத்த இருபத்தைந்தாம் நாள் திருமுருகனே காட்டில் நடந்து, பாத்தி பாத்தியாக முளைத்த செடிகளை எண்ணி எழுதியிருந்த பக்கம் வந்தது. ஒன்பதாம் பாத்தியில் தொண்ணூற்றாறு. நோட்டின் பின்னால் செருகியிருந்த சாக்கு அட்டைகளுக்குப் போனார். ஒன்பதாம் சாக்கில் நூற்றிருபத்திரண்டு.

"முளைச்சது தொண்ணூத்தாறு. பிடுங்குனது நூத்தியிருபத்திரெண்டு. மிச்சம் இருபத்தாறு செடி வானத்துலேர்ந்தா வந்துச்சு சார்?"

திருமுருகன் நோட்டைத் தன் பக்கம் இழுத்து இரண்டு எண்களையும் மறுபடி பார்த்தார். ராசாத்தி இரண்டாம் வரிசைச் சாக்குகளின் எண்ணிக்கையைப் பின்னாலிருந்து முன்னாக எழுதினார். நூற்றுப் பதினெட்டு முளைத்த இடத்தில் நூற்றுப் பதினாறு. தொண்ணூற்றாறு முளைத்த இடத்தில் தொண்ணூற்று நான்கு. ஆறு பாத்தியும் ஒன்றிரண்டு, மிஞ்சினால் மூன்று செடி குறைவாக வரிசையாகப் பொருந்தின. நான்காம் வரிசையும் அப்படியே.

"அப்ப மாத்தி ஓட்டிப் பாத்துருவோம் மேடம்!" என்று திருமுருகன் நாற்காலியின் நுனிக்கு வந்தார்.

"உக்காருங்க. விடையைப் பாத்துட்டு வழி தேடுனா அது கள்ளத்தனம். மொதல்ல ஆளக் கேப்போம். நீங்க ஒண்ணும் எடுத்துக் குடுக்கக் கூடாது, ஆமா."

பிரகதாம்பாளின் எண்ணை அவரிடம் வாங்கி, போன் போட்டு ஒலிபெருக்கியில் வைத்தார்.

"அக்கா, அன்னவாசல்லேர்ந்து ராசாத்தி பேசுறேன். திருமுருகன் சார் காட்டுல கடலை பிடுங்குனீங்கள்ல, அன்னிக்கு எப்படி எப்படிப் போனீங்கன்னு மொதல்லேர்ந்து சொல்லுங்க."

"ஏன், கடலை கொறையுதாமா?" பிரகதாம்பாளின் குரல் சண்டைக்குத் தயாராக இருந்தது.

"கொறையலக்கா. போன வழிதான் வேணும்."

"என்னத்த வழி? கெணத்து மேட்டுல நிரை பிடிச்சு அந்தக் கோடி வரைக்கும் போனோம். திரும்பி வந்து தண்ணி குடிச்சோம். மறுபடி கெணத்து மேட்டுலேர்ந்து அடுத்த நிரை. நாலு நிரையும் அப்படித்தான். காலை வெயிலை மூஞ்சியில வாங்கிக்கிட்டு யாராச்சும் எதிர்ப்பக்கத்துலேர்ந்து பிடுங்குவாகளா? சாரு குடுத்த அட்டையை நம்பரு மாறாம கட்டுனேன். செடியையும் நாந்தான் எண்ணிப் போட்டேன். ஒண்ணு கூடாது, ஒண்ணு கொறையாது."

"ஒண்ணும் கொறையலக்கா" என்றார் ராசாத்தி.

அதற்கப்புறம்தான் ஆரில் இரண்டு வரி சேர்த்தார். இரண்டாம் வரிசையும் நான்காம் வரிசையும் திரும்பிக்கொண்டன. வித்தியாசம் தற்செயலாக வந்திருக்க வாய்ப்பு எவ்வளவு என்று சொல்லும் எண், நூற்றுக்கு நாற்பத்தொன்றாக இருந்தது, ஆயிரத்துக்கு மூன்றாக இறங்கியது. தொழு உரமும் ஜிப்சமும் சேர்த்துப் போட்ட பாத்தி நான்கு வரிசையிலும் முதலில் நின்றது. ஒன்றும் போடாதது கடைசிக்குப் போய், தன் இடத்தில் அடக்கமாக உட்கார்ந்துகொண்டது.

திருமுருகன் கத்தவில்லை, குதிக்கவில்லை. எழுந்து போய் மாடிப்படியில் உட்கார்ந்து, கைக்குட்டையை விரித்து முகம் முழுவதையும் மூடிக்கொண்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை. ஆதார் திருத்தம் கேட்டுப் படியேறி வந்த ஒருவர் பயந்துபோய்த் திரும்பி இறங்கினார். "ஏழு வருசம் மேடம்" என்றார் திருமுருகன் கடைசியில். கீழேயிருந்து சிவசாமி டீ வாங்கி அனுப்பினார். அவ்வளவு இனிப்பான டீயை அதற்குமுன் குடித்ததில்லை என்று இருவருமே சொல்கிறார்கள்.

ஒரு சின்னத் தகராறு பாக்கி இருந்தது. நடந்த தவறையும், செடி எண்ணிக்கையை வைத்து அதைக் கண்டுபிடித்ததையும் ஆய்வேட்டில் ஒரு பத்தி எழுதச் சொன்னார் ராசாத்தி. "மானம் போயிரும் மேடம்" என்று திருமுருகன் மழுப்பினார். "எழுதுனாத்தான் சார் நிக்கும். நாளைக்கு யாராச்சும் நோட்டைப் பாத்தா என்ன சொல்வீங்க?" என்று சொல்லி உட்காரவைத்து எழுதி வாங்கினார். புதன்கிழமை நெறியாளர் அந்தப் பத்தியைத்தான் இரண்டு முறை படித்தாராம். படித்துவிட்டுப் பேனாவைத் திறந்தாராம்.

வியாழக்கிழமை பிற்பகல், கையெழுத்தான பக்கத்தோடு திருமுருகன் அச்செடுக்க வந்தபோது, ராசாத்தியின் வலது கையில் நான்கு வளையல்களும் இருந்தன. வெள்ளிக்கிழமை மாலைக்கு முழுசாக ஒரு நாள் மிச்சம். அச்சுப்பொறி ஒவ்வொரு தாளாகத் துப்ப, ராசாத்தி சூடு ஆறும் முன்பே எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தார். மென்பொருளை எழுதியவர்கள் பெயர் கடைசிப் பட்டியலில் இருந்தது. நன்றியுரைப் பக்கம் வந்ததும் கை நின்றது. இறைவன், நெறியாளர், கல்லூரி முதல்வர், மனைவி, மக்கள், மடிக்கணினியைப் பழுது பார்த்தவர், கடைசியாக, ‘ஏ. ராசாத்தி, அன்னவாசல்’. அவர் மேலிருந்து கீழ்வரை ஒரு தடவை படித்தார். மறுபடி ஒரு தடவை படித்தார்.

"ஏதும் ஸ்பெல்லிங் மிஸ்டேக்கா மேடம்?" என்றார் திருமுருகன்.

ராசாத்தி வளையல்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பென்சில் டப்பாவில் போட்டார். அந்தப் பக்கத்தைத் திரையில் திறந்து, தன் பெயருக்கு மேலே ஒரு வரி இடம் விட்டார். பிறகு போனை எடுத்துத் திருவரங்குளத்துக்குப் போட்டு, காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, விசைப்பலகையில் விரல்களை வைத்தபடி கேட்டார்:

"அக்கா, ஒங்க இனிஷியல் என்ன?"