சகலையின் நிலத்துப் பத்தர்

மாமனார் சிப்பிகாட்டுப் பாக்குத் தோட்டத்தை இரண்டு மகள்களுக்கும் பிரித்தபோது, எந்தப் பாதி வேண்டும் என்று முதலில் என்னைத்தான் கேட்டார். புத்திசாலி அல்லவா, ரோட்டை ஒட்டியதை எடுத்துக்கொண்டேன். புதர் மண்டிய பின்பாதி சகலைக்குப் போனது. ஆறு மாதத்துக்கு முன்புதான் திருநெல்வேலியிலிருந்து இந்தத் தீவுக்குக் கப்பலேறி வந்தவர். பாவம் என்றுகூட நினைத்தேன்.

அவர் புதரை வெட்டினார். உள்ளே ஆளுயரத்துக்கு இரண்டு கற்கள் நிற்க, அவற்றின்மேல் கட்டில் அகலத்துக்கு ஒரு பலகைக்கல் படுத்திருந்தது. யார் தூக்கி வைத்தார்கள், எதற்கு? மெயின்லாண்டிலிருந்து சுற்றிப்பார்க்க வந்த ஒரு சரித்திர வாத்தியார், "மனுஷன் வச்சதா, தானா அமைஞ்சதான்னு சொல்ல முடியல. ஆனா ரொம்பப் பழசு" என்றார். அவ்வளவுதான். அபர்டீன் பஜாரில் டீ குடிக்கப் போனால், "நீங்க கல்லுக்காரரோட சகலைதானே?" என்கிறார்கள். இருபத்தெட்டு வருஷமாக இந்த ஊரில் அரசாங்க வேலை பார்க்கிறேன். இப்போதுதான் எனக்கு ஓர் அடையாளம் கிடைத்தது, அதுவும் இரவல்.

வயிறு எரிந்தது. என் பாதியில் நானும் தோண்டினேன். ஒரு பழைய செருப்பு கிடைத்தது.

"இதையும் அந்த வாத்தியார்ட்ட காட்டுங்களேன்" என்றாள் மனைவி.

மிச்சமிருந்த ஒரே நம்பிக்கை, மாமனாருக்கு முன் அந்த நிலத்தை வைத்திருந்த வங்காளிப் பெரியவர். 'மாடு கட்ட நான்தான் வைத்தேன்' என்று அவர் சொல்லிவிட்டால் போதும், சகலையின் மவுசு அன்றோடு முடிந்தது. காதால் கேட்கட்டும் என்று சகலையையும் கூட்டிக்கொண்டு போனேன். அவருக்கு இந்தி தெரியாது. நான்தான் மொழிபெயர்ப்பாளர்.

"தாதா, யே கிஸ்னே பனாயா?" என்று, போனில் கல்லின் படத்தைக் காட்டி, யார் செய்தது எனக் கேட்டேன்.

பெரியவர் சிரித்தார். "கௌன் பனாயேகா? பத்தர் ஹை, பத்தர்!"

யார் செய்வார்கள், வெறும் கல்லு என்கிறார். மாடு வராவிட்டாலும் பரவாயில்லை, இதுவே போதும். நான் வாயெடுப்பதற்குள் சகலை கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்.

"பத்தரா! கேட்டீரா சகல? நம்ம ஊருப் பத்தரு! நகை வேல, கல்லு வேல எல்லாம் ஒரே வம்சம்லா!"

"ஐயோ சகல, இந்தியில பத்தர்னா கல்லு."

என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "பொறாமையில பேசுதீரு. பாஷை தெரியாதவன்னு ஏமாத்தப் பாக்கீரா?"

பொறாமை என்றது உண்மை என்பதால், மீதியை மறுக்க நாக்கு எழவில்லை. அடுத்த ஞாயிறு அங்கே ஒரு போர்டு வந்துவிட்டது: 'பத்தர் மண்டபம்'. யாரோ பூ வேறு வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

சகலை பாராடாங் தீவுக்குப் போயிருந்த ஒரு நாள், தானாக அமைந்த பாறைதான் என்று நிரூபிக்க ஒரு விரிசலாவது கிடைக்காதா எனக் கல்லுக்கடியில் நின்று அண்ணாந்து தேடினேன். பலகைக்கல் ஆடாமலிருக்க, இடுக்கில் உள்ளங்கையளவு சில்லு ஒன்று செருகியிருந்தது. பாசி பிடித்து, கல்லோடு கல்லாக. மழையோ வெள்ளமோ அப்படிச் செருகாது. எவனோ ஒருவன் ஆட்டிப் பார்த்து, திருப்தியில்லாமல், பொருத்தமான துண்டைத் தேடி வந்து அடித்து இறக்கியிருக்கிறான்.

சில்லைப் பற்றிச் சகலையிடம் இன்றுவரை சொல்லவில்லை. கல்லுதான் அவருடையது, இதாவது என்னிடம் இருக்கட்டும்.