அரை மணித்தியாலம் முந்திய கடிகாரம்

குகன் அண்ணை காலமை இறந்துபோனார் என்று மேற்பார்வையாளர் போனில் சொன்னபோது நான் கந்தோர் அறையைக் கூட்டிக்கொண்டு நின்றேன். "முந்தநாள் தானே வந்திட்டுப் போனவர்" என்றேன். முந்தநாள் அவரை வரவைத்தது நான்.

அச்சுவேலியில் எங்கள் மீன் குளிர்களஞ்சியத்தில் அவரோடு வேலை செய்த உங்களுக்கு அவரைத் தெரியும். நான் எட்டாம் வகுப்பு படித்தவள், தேத்தண்ணி போடுகிறவள். அவர் கொம்பியூட்டர் பார்க்கிறவர். ஆனாலும் என்ன கேட்டாலும் விளங்கப்படுத்துவார். ஒருநாள் சேர்வர் பெட்டியைத் திறந்து உள்ளே ஒரு சின்னக் கார்ட்டைத் தொட்டார். "பெட்டி நித்திரை கொண்டாலும் இது முழிச்சிருக்கும், தங்கச்சி. கரண்ட் எப்ப போனது, எப்ப வந்தது எல்லாம் எழுதும். மணியை மட்டும் நாங்கள் சொல்லிக் குடுக்கோணும்."

அது பழைய கார்ட். முன்னம் எங்கள் நாட்டு நேரத்தை அரை மணித்தியாலம் கூட்டினார்கள், பிறகு குறைத்தார்கள். குறைத்த கதை அதற்குத் தெரியாது. அதனால் நேரம் வைக்கும்போது, திரையில் வரும் ஊர்ப் பெயர்களில் கொழும்பை அமத்தாமல், எங்கள் நேரமே உள்ள சென்னையை அமத்துவார்.

"நாங்கள் எப்ப அண்ணை இந்தியாவுக்குப் போனது?"

"விசா இல்லாமல் போறது இது ஒண்டுதான், பேசாமல் இரு."

போன கிழமை கரண்ட் நின்று வந்து, கார்ட்டின் நேரம் அழிந்துவிட்டது. மீன் வாங்குகிறவர்கள் கரண்ட் போய் வந்த நேரப் பதிவைப் பார்க்க வர இருந்தார்கள். அண்ணை நெஞ்சு வருத்தத்தோடு, எங்கள் பக்கத்துத் திருநெல்வேலியில், வீட்டில். மேற்பார்வையாளர் திரையைத் திறந்து தந்துவிட்டு லொறியோடு போய்விட்டார். நான் அண்ணைக்குப் போன் எடுத்தேன். ஒவ்வொன்றாகச் சொன்னார். ஊர்ப் பெயர்கள் வந்ததும், அவர் சொல்லி முடிக்க முன்னம் கொழும்பை அமத்திவிட்டேன்.

"இப்ப எத்தினை மணி காட்டுது?"

சொன்னேன். சிரித்தார். "அரை மணித்தியாலம் முந்திப் போட்டாய். பயப்படாதை, திருப்பி மாத்து."

"நான் திருப்பியும் பிழை விட்டிடுவன் அண்ணை. நீங்கள் வந்தால் நல்லது."

"ஓம், வாறன்."

பஸ்ஸில் வந்தார். மாடிப்படியில் இரண்டு தரம் குந்தி எழும்பினார். சட்டை வேர்வையில் தோய்ந்திருந்தது. கதிரையில் இருந்தபடி ஒரு பெயரை அமத்தினார், அவ்வளவுதான். நான் தேத்தண்ணி கொடுத்தேன். ஓட்டோ பிடித்துக் கொடுக்க எனக்குத் தோன்றவில்லை.

செத்த வீட்டில் அவருடைய மனைவி என் கையைப் பிடித்தா. "உங்கடை இடத்துக்கு வரேக்கை நல்ல சட்டை எடுத்துப் போட்டவர். எத்தினை நாளைக்குப் பிறகு!"

நேற்றும் கரண்ட் போய் வந்தது. நானே கதிரையில் இருந்தபடி நேரத்தை மாற்றினேன். அவர் எனக்கு விட்டுப்போனது இந்த வேலைதான். தேத்தண்ணி ஆற முன்னமே முடிந்துவிட்டது. இவ்வளவு லேசு என்பதைத்தான், அண்ணை, என்னால் தாங்க முடியவில்லை.