செருப்பு யாருது?

டி.வி.யில் தன் கம்பெனி முதலாளி தோன்றியதும் மாமா ரிமோட்டை எடுத்துச் சத்தத்தை அணைப்பார். பிறகு தாடையைத் தூக்கிக்கொண்டு மூக்கால் அவரே பேசுவார்: "ஆடாத வாஷிங் மெஷின நான்தான் யோசிச்சேன். முதல் போட்டது நான். ஆயிரம் பேரு ஸ்க்ரூ முறுக்கினாங்களே, அவங்களையும் நான்தான் யோசிச்சேன்." திரையில் வாயசைவு ஏறக்குறையப் பொருந்திவிடும்.

அந்தக் கம்பெனியின் தொழிற்சாலையில் மெஷினுக்கு ரப்பர் கால் மாட்டுகிறவர் மாமா. விருந்துக்குப் போன வீட்டிலும் குளியலறைக்குள் நுழைந்து, குனிந்து பார்த்து, "நம்ம கால்தான்" என்று திருப்தியோடு வெளியே வருவார். வீட்டுக்காரர்கள் இதற்குப் பழகிவிட்டார்கள்.

உண்மையில் அந்தக் கால் பிறந்தது மாமா வீட்டில். பழைய மெஷின் துணி பிழியும்போது குளியலறையிலிருந்து சமையலறை வாசல்வரை ஆடிக்கொண்டே வந்துவிடும். ஒருநாள் அத்தை, மாமாவின் ரப்பர் செருப்பை நாலாக வெட்டி மெஷினின் நாலு மூலைக்கும் அடியில் செருகினார். மெஷின் கப்சிப். மாமா அதைத் தொழிற்சாலையில் போய்ச் சொன்னார். முதலாளி அதை டி.வி.யில் போய்ச் சொன்னார்.

மாமா விடவில்லை. கேன்டீனில் கத்தி, மேனேஜர் அறையில் கத்தி, யோசனை யாருடையதோ அவர் பெயரும் படமும் கம்பெனிப் பத்திரிகையில் வரும் என்று ஒப்புக்கொள்ள வைத்தார்.

"ஏங்க, என் பேரு போடுவாங்கல்ல?" என்று கேட்டார் அத்தை.

"உன் பேரா? வெட்டினது நீதான், இல்லேங்கல. செருப்பு யாருது?"

"அதானே, முதல் போட்டவராச்சே! அந்த மூக்குக் குரல்லயே சொல்லுங்க, இன்னும் நல்லாருக்கும்."

மாமா ரிமோட்டை எடுத்து டி.வி. சத்தத்தைக் கூட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை பத்திரிகைக்காரப் பெண் கேமராவோடு வந்தாள். மாமா சலவைச் சட்டையில், சோபாவின் நட்டநடுவில். அத்தை சமையலறை வாசலில் கையைத் துடைத்துக்கொண்டே நின்றார். துடைக்கத் துடைக்க ஈரம் தீரவே இல்லை.

"எப்படி சார் தோணுச்சு?"

மாமாவின் தாடை மேலே போனது. வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. "அது வந்து... செருப்பு என்னோடது..."

"சரி சார். யோசனை?"

மாமா தன் சட்டைப் பொத்தானைப் பார்த்துச் சொன்னார்: "இவளோடது."

"கேக்கல சார்."

"இவளோடதும்மா! அந்தா நிக்கிறா பாரு, ஒண்ணும் தெரியாத மாதிரி."

கேமரா திரும்பியது. மாமா எழுந்திருக்கவில்லை, அரை ஆள் உட்காருகிற அளவுக்கு மட்டும் நகர்ந்துகொடுத்தார். அத்தை வந்து முழு ஆளாக உட்கார்ந்தார். கீழே விழாமலிருக்க மாமா சோபாவின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டார்.