சூடான இடம்

அம்மாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, ஒரு தரையைக் கருக்கியது. பாஜு நகரப் படப்பிடிப்புத் தளத்தில் அவள் இஸ்திரிப் பெட்டியை அழுத்தினாள். நான் வெப்பமானியைப் பிடித்திருந்தேன்.

அவள் பெயர் பியோன் ஓக்சுன். முப்பத்தொரு வருடம் படப்பிடிப்புக்குப் போடும் புது அரங்குகளைப் பழையவைபோல ஆக்கினாள்: புதுச் சுவரில் கறை, புதுக் கதவில் கை பட்ட தேய்மானம். நான், குளிர்காலத்தில் தரை சூடாக இருக்க, வீட்டுத் தரைகளுக்கு அடியில் வெந்நீர்க் குழாய் பதிக்கும் பொறியாளர்.

படம் ஒரு பணக்கார வீட்டையும், அங்கே வேலை செய்பவர்களின் மலைச்சரிவு வீட்டையும் பற்றியது. ஏழை வீட்டின் தரையில் ஒட்டிய மஞ்சள் தாளில், சரியாக நடுவில், சூட்டில் கருகியதுபோலப் பழுப்புக் கறை போட்டிருந்தார்கள். மறுநாள் காலை படப்பிடிப்பு.

"யாருப்பா இது? ரூம் நடுவுலயா அடுப்பு எரியுது?" என்றாள் அம்மா.

கலை இயக்குநர் நாம்குங் சிரித்தார். "கேமராவுல தெரியாதுக்கா, விடுங்க."

"அங்க உட்கார்ந்து நடிக்க வர்ற பெரியவருக்குத் தெரியும். நீ பொறந்ததே அடுக்குமாடியில. உனக்குத் தரை பூரா ஒரே சூடு."

உண்மைதான். பணக்கார வீட்டில் எங்கே கால் வைத்தாலும் ஒரே வெப்பம். எனக்குச் சம்பளமே அதற்குத்தான். நிலக்கரி அடுப்பின் சூட்டைத் தரைக்கடியில் விடும் வீட்டில் அடுப்புச் சுவரோரம் மட்டும் தரை கொதிக்கும், தாள் கருகும். மற்ற இடமெல்லாம் சில்லென்றிருக்கும். அந்த ஓர் இடத்தில் யார் உட்காருவது என்பதில் இருக்கிறது அந்த வீட்டின் மரியாதை.

அம்மா தாளைக் கிழித்தாள். முட்டி போடவே கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார்.

"முட்டி என்னம்மா ஆகும்?"

"முட்டிய மாத்திக்கலாம்டி. படம் எடுத்தப்புறம் தரைய மாத்த முடியாது."

புதுத் தாளில் சுவரோரம் கருக்கினோம். அதன் மேல் போர்வை விரித்து, மூடி போட்ட சோற்றுக் கிண்ணம் ஒன்றை உள்ளே வைத்தாள். வேலைக்குப் போனவனுக்கு ஆறாமல் எடுத்துவைத்த சோறு. கிண்ணம், வீட்டில் இன்னும் நிலக்கரி எரிக்கும் குவாக் அக்காவிடம் இரவல் வாங்கியது.

காலையில் முதிய நடிகர் உள்ளே வந்தார். தனக்காகக் குறித்த இடத்தைப் பார்க்கவில்லை. நேராகச் சுவரோரம் போய், போர்வைக்குள் கைவிட்டு, உட்கார்ந்தார். தரை குளிர்ந்துதான் கிடந்தது. அவர் சூடு பட்டதுபோல உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டார். இயக்குநர் கேமராவை நிறுத்தவில்லை.

"பாத்தியா?" என்றாள் அம்மா.

"பாத்தேன்க்கா," என்றார் நாம்குங்.

பதினொரு நாள் கழித்து அம்மாவின் இதயம் நின்றது.

அரங்கைப் பிரித்தபோது நாம்குங் கிண்ணத்தை என்னிடம் கொடுத்தார். மூடிக்குள் டேப் ஒட்டி, அம்மாவின் கையெழுத்து: 'குவாக் அக்காவோடது. நேர்ல போய்க் குடுக்கணும். வெறும் கிண்ணமாக் குடுக்கக் கூடாது.'

கிண்ணம் என் வண்டியில் இருக்கிறது. இன்னும் வெறும் கிண்ணமாகவே.